சைடு மிரரைக் கழற்றிவிட்டு நானே சின்னதாகச் செய்து மாட்டியிருக்கிறேன் – திட்டுவதானால் முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்

மாங்கொட்டை | ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். வண்டி ஆல்டோ கே10, 2011 மாடல், டிஎன் 24. காவேரிப்பட்டணத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். போக வர 130 கிலோமீட்டருக்குப் பக்கம், மாதத்தில் 24 நாள். பங்கில் மீட்டர் ஓடுவதைப் பார்த்தாலே வயிறு எரிகிற ஆள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாங்காய் சீசனில் சந்தூர் பக்கம் ஒரு கல்யாணம். அந்தக் குறுகல் ரோட்டில் எதிரே டிராக்டர், டிரெய்லர் நிறைய கிரேட். ஒதுங்கினேன். டிராக்டருக்கு ஒன்றும் இல்லை, ரோட்டோரப் புளியமரத்துக்கும் ஒன்றும் இல்லை, என் இடது கண்ணாடி மட்டும் ஒயரில் தொங்கும் பல்பு மாதிரி கதவில் தொங்கியது. ஸ்பேர்ஸ் கடையில் இடதுக்கு மட்டும் ஆயிரத்து நானூறு என்றார்கள். அந்தக் கோபத்தில் பிறந்த யோசனைதான் இது. காருக்கு இவ்வளவு பெரிய காது எதற்கு? வெளிநாட்டில் மைலேஜ் பைத்தியம் பிடித்த சிலர் கம்பெனி மிரரைக் கழற்றிவிட்டுச் சின்னதாகத் தாங்களே செய்து மாட்டுகிறார்கள் என்று படித்திருந்தேன். காற்று இழுவை குறையும், பெட்ரோல் மிச்சம்.

சாமி படத்துக்கு ஃபிரேம் போடுகிற கடையில் 8 சென்டிமீட்டர் வட்டமாக இரண்டு கண்ணாடி வெட்டி வாங்கினேன். பின்னால் அலுமினியத் தகடு, அரால்டைட். கதவில் அந்த முக்கோண இடத்தில் இருக்கிற பழைய போல்ட் ஓட்டையிலேயே ஜிஐ பட்டையை வளைத்து மாட்டினேன். ஓட்டையைச் சுற்றி எம்சீல். மொத்தச் செலவு 210 ரூபாய்.

ஒரு டேங்க் ஓட்டிப் பார்த்தேன். முன்னே லிட்டருக்கு 19.8. இப்போது 21.1. சொல்லுங்கள், நான் செய்தது தப்பா?

தகடூரான் | ஞாயிறு, இரவு 9.26

படத்தைப் பார்த்தேன். ஆல்டோவுக்கு மூக்குத்தி குத்தின மாதிரி இருக்கிறது. இரண்டு பக்கமும் குத்தியிருப்பதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

டாக்ஸிமாமா | ஞாயிறு, இரவு 10.40

தம்பி, நான் கிருஷ்ணகிரி ஸ்டாண்டில் 22 வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். மைலேஜ் கணக்கு எனக்கும் தெரியும், என் சோறே அதில்தான் இருக்கிறது. ஆனால் மேலுமலை இறக்கத்தில் உன் இடது பக்கம் என்ன வருகிறது என்று அந்த எட்டணா கண்ணாடியில் தெரியுமா? ஆறுவழிச் சாலை என்று பெயர்தானே ஒழிய, நம்ம ஊரில் வலது ஓரத்தில் கண்டெய்னர் லாரி நாற்பதில் ஊர்ந்துகொண்டிருக்கும், எல்லாரும் இடது பக்கமாகத்தான் அதைத் தாண்டுகிறோம். தாண்டிவிட்டு மறுபடி உள்ளே வர உனக்கு வலது கண்ணாடி வேண்டும். தாண்டப் போகும் முன் இடது கண்ணாடி வேண்டும். இரண்டையும் கம்மல் சைஸுக்குக் குறைத்துவிட்டு 21 வருகிறது என்கிறாய்.

தொப்பூர் கணவாயில் இத்தனை விபத்து ஏன்? டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரல் போட்டு இறக்குகிற லாரிகளும் அதற்கு ஒரு காரணம். பிரேக் சூடாகி ஒரு கட்டத்துக்கு மேல் பிடிக்காது, முன்னால் போகிறவன் மேல் போய் விழுவான். அப்போது முன்னால் போகிறவனாக நீ இருந்தால் உனக்கு இருப்பது கண்ணாடி ஒன்றுதான்.

பட்டறைப்பையன் | திங்கள், காலை 7.15

அண்ணா, நான் டிங்கர் வேலை பார்ப்பவன். மாமா சொன்னதை விடுங்கள், எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். படத்தில் அந்த ஜிஐ பட்டை 2 எம்எம் மாதிரி தெரிகிறது, நீளம் ஒரு சாண். அதன் நுனியில் கண்ணாடி. ஐம்பதுக்கு மேல் போனால் அது வீணைக் கம்பிதான். எந்த உருவம் தெரியும்?

அடுத்தது, கம்பெனி மிரர் இடித்தால் மடங்கும். உள்ளே ஸ்பிரிங் போட்ட முட்டு இருக்கிறது, முன்னாலும் மடங்கும் பின்னாலும் மடங்கும். அது பார்க்கிங்குக்காக மட்டும் வைத்ததில்லை. ரோட்டில் நடந்து போகிறவர் முழங்கையில் பட்டாலும் மடங்கிப்போகத்தான். உங்கள் பட்டை மடங்காது. தகட்டு விளிம்பை ராவியிருக்கிறீர்களா? படத்தில் வெட்டின வெட்டு அப்படியே பளபளக்கிறது. சைக்கிளில் போகிற பள்ளிக்கூடப் பிள்ளை முகம் உயரத்தில் இருக்கிறது அது.

கம்பெனிக் கண்ணாடியைப் பின்னால் பிளாஸ்டிக் தட்டில் முழுக்க ஒட்டியிருப்பார்கள், உடைந்தாலும் சில் தெறிக்காமல் இருக்க. நீங்கள் நாலு சொட்டு அரால்டைட்.

எம்சீல் ஒரு வெயில், ஒரு மழைக்குத் தாங்கும். அப்புறம் விரிசல் விட்டுக் கதவுக்குள் தண்ணீர் இறங்கும். கண்ணாடி ஏற்றி இறக்குகிற கம்பி துருப்பிடித்த பிறகு என்னிடம்தான் வருவீர்கள், வாங்க.

சயின்ஸ்வாத்தியார் | திங்கள், மாலை 5.50

மாங்கொட்டை தம்பிக்கு, கோபப்படாமல் ஒரு சின்னக் கணக்கு. பத்தாம் வகுப்புப் பாடம்தான்.

சமதள ஆடியில் பார்க்கும்போது, ஆடிக்குப் பின்னால் அதே தூரத்தில் இன்னொரு கண் இருந்துகொண்டு, ஆடி அளவுள்ள ஜன்னல் வழியாகப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்ணுக்கும் வலது கண்ணாடிக்கும் 70 செ.மீ. என்று வைப்போம். 8 செ.மீ. ஜன்னல். 20 மீட்டர் பின்னால் அந்த ஜன்னல் காட்டும் அகலம் 0.08 பெருக்கல் 20.7 வகுத்தல் 0.7. ஏறக்குறைய 2.4 மீட்டர். ஒரு லாரியின் அகலம் அது. அந்த லாரிக்குப் பக்கத்தில் வருகிற பைக் உங்கள் உலகத்திலேயே இல்லை.

இடது கண்ணாடி கண்ணிலிருந்து 1.3 மீட்டர் தள்ளி இருக்கிறது. அதே கணக்கில் 1.3 மீட்டர்தான் வருகிறது. கண்ணாடி சாய்வாக இருப்பதால் உண்மையில் இன்னும் குறையும். உலக நாடுகள் பல பின்பற்றுகிற ஐ.நா. விதிமுறை 46 என்று ஒன்று இருக்கிறது. கார் பக்கக் கண்ணாடியில் 20 மீட்டர் பின்னாலிருந்து தொடுவானம் வரை 4 மீட்டர் அகலச் சாலை தெரியவேண்டும், 4 மீட்டர் பின்னாலேயே 1 மீட்டர் அகலம் தெரியவேண்டும் என்கிறது. உங்களுடையது இரண்டு பக்கமும் தேறவில்லை.

கம்பெனி மிரர் எப்படித் தேறுகிறது? பெரிதாக இருப்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, அது குவி ஆடி, அதாவது நடு மேடாக வளைந்த கண்ணாடி. அந்த விதியில் காரின் பக்கக் கண்ணாடிக்கு வளைவு ஆரம் 1200 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. குவி ஆடி கூடுதல் அகலத்தைக் காட்டும், பதிலுக்கு உருவத்தைச் சிறிதாக்கும். 1200 ஆரத்தில் வலது பக்கம் உருவம் பாதிக்கும் சற்றுக் கீழே. இடது பக்கம் கண் தள்ளி இருப்பதால் மூன்றில் ஒரு பங்கு. 20 மீட்டரில் வருகிற பஸ் இடது கண்ணாடியில் 60 மீட்டரில் வருவது போலத் தெரியும். தெரிவதைவிடப் பொருள்கள் அருகில் உள்ளன என்று சில கண்ணாடிகளில் எழுதியிருப்பது இதனால்தான்.

டோல்கேட்டில் ஓடிவந்து விற்கிறார்களே, ஒட்டுகிற குட்டி வட்டக் கண்ணாடி, அதன் ஆரம் 300 மி.மீ. என்று வைத்தால் வலது பக்கத்திலேயே உருவம் ஐந்தரை மடங்கு சிறுத்துவிடும். எதுவோ வருகிறது என்று அது சொல்லும். எவ்வளவு கிட்டே வருகிறது என்று சொல்லாது. அதையே முழுக் கண்ணாடியாக வைத்து ஓட்டக்கூடாது.

மாங்கொட்டை | திங்கள், இரவு 8.30

வாத்தியார் சார், மடக்கிவிட்டீர்கள். சமதளம் வாங்கினது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். பழைய பைக் கண்ணாடி குவிதானே, அதைப் போட்டால்?

பட்டறைத் தம்பி, விளிம்பை இன்றைக்கே ராவிவிட்டேன். விரல் வைத்துப் பார்த்தேன், ரத்தம் வந்தது. நன்றி.

ஆனால் 21.1-க்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

டூல்ரூம்_ஓசூர் | திங்கள், இரவு 11.05

21.1-க்கு நான் பதில் சொல்கிறேன். நைட் ஷிஃப்ட், நேரம் இருக்கிறது.

உங்கள் மாதிரிச் சின்ன காருக்கு முன்பக்கப் பரப்பு 2 சதுர மீட்டர், இழுவைக் கெழு (வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் எண்) 0.33 என்று வைத்துக்கொள்கிறேன். 80 கி.மீ. வேகத்தில் காற்று எதிர்ப்பு 195 நியூட்டன் பக்கம் வரும். டயர் உருளும் எதிர்ப்பு, ஆளோடு 900 கிலோ என்றால், 105 நியூட்டன். ஆக 300. சைடு மிரர் இரண்டும் சேர்ந்து காற்று எதிர்ப்பில் 2 முதல் 7 சதவீதம் வரை என்று பொதுவாகச் சொல்வார்கள், காருக்குக் கார் மாறும். நடுவில் 4 என்று எடுப்போம். 195-ல் 4 சதவீதம் 8 நியூட்டன். நீங்கள் மிரரைக் கழற்றிக் கிணற்றில் போட்டாலும் மிச்சம் 300-க்கு 8. பாதியாகக் குறைத்தால் 300-க்கு 4. பெட்ரோலில் ஒரு சதவீதம் வந்தால் பெரிது. உங்களுக்கு வந்ததோ ஆறரை சதவீதம். அது மிரரால் வந்ததில்லை. பங்கில் நாசில் எந்த இடத்தில் கட் ஆனது, அந்த வாரம் ஏசி போட்டீர்களா, ஓசூர் பக்கம் டிராஃபிக் எப்படி, இதிலேயே ஐந்து சதவீதம் ஆடும். புதுசாக ஒன்றை மாட்டியதும் கால் தானாக மெதுவாக மிதிக்கும், அதுவும் இருக்கிறது. மனுஷ புத்தி.

மாதம் 3,100 கிலோமீட்டர், 155 லிட்டர். ஒரு சதவீதம் ஒன்றரை லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் மாதம் 150 ரூபாய்.

அந்த 150-ம் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் சோகம். காற்றுக்கு அளவு பாதி, வடிவம் பாதி. நேராக நிறுத்திய தட்டையான வட்டத் தகட்டின் இழுவைக் கெழு 1.17. உருண்டை முகம் காற்றைப் பார்க்க, தட்டை முகம் பின்னால் இருக்க, ஒரு அரைக்கோளத்தை நிறுத்தினால் அது 0.4 பக்கம். கம்பெனி மிரர் கூடு ஏறக்குறைய அந்த ஜாதி. நீங்கள் அந்தக் கூட்டைக் கழற்றிவிட்டு, தட்டைத் தகட்டைக் காற்றுக்கு நேராகக் காட்டியிருக்கிறீர்கள். பரப்பை ஐந்தில் ஒன்றாகக் குறைத்து, கெழுவை மூன்று மடங்காக ஏற்றியிருக்கிறீர்கள். ஜிஐ பட்டையின் இழுவை தனி. லாபம் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் வாத்தியார் சொன்ன அளவுக்குக் கண்ணாடியைப் பெரிதாக்கினால் அந்தத் தட்டை முகத்தோடு எல்லாம் போய்விடும்.

தகடூரான் | திங்கள், இரவு 11.20

அரைக்கோளம் என்றால் கொட்டாங்கச்சி. தர்மபுரி மாவட்டத்துக்குக் கொட்டாங்கச்சிப் பஞ்சமா? மேலே வார்னிஷ் அடித்து மாட்டிவிடுங்கள். கார் ஓசூர் போய்ச் சேருவதற்குள் ஏற்றுமதி ஆர்டர் வந்துவிடும்.

மாங்கொட்டை | திங்கள், இரவு 11.31

சிரிக்காதீர்கள். எனக்கு வேறொரு பாத்திரம் ஞாபகம் வந்துவிட்டது.

கருப்புக்கோட்டு | செவ்வாய், காலை 10.15

சட்டம் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதையே உறுதியாகச் சொன்னது. அதே வருஷத் திருத்தத்தில் பிரிவு 182ஏ மாற்றி எழுதப்பட்டது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கண்ணாடி ஆர்சி புத்தகத்தில் இல்லையே என்று வாதாட இடம் உண்டு, நானே வாதாடுவேன். ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகள் 125-ல் பின்பார்வைக் கண்ணாடி வருகிறது, அதற்கென்று ஏஐஎஸ் 001, 002 என்று தரநிலைகள் இருக்கின்றன. சாமி படக் கடைக் கண்ணாடி அதில் எங்கே தேறும்?

போலீஸ் பிடிப்பாரா என்பதை விடுங்கள். 2011 மாடல் என்கிறீர்கள், 15 வருஷம் முடியப் போகிறது. ஆர்சி புதுப்பிக்க வண்டியைக் காட்டவேண்டும். அங்கே முதலில் பார்ப்பது லைட், ஹாரன், கண்ணாடி. விபத்து என்று ஒன்று நடந்துவிட்டால் இன்சூரன்ஸ் ஆள் போட்டோ எடுக்கும்போது உங்கள் ஜிஐ பட்டை மேல்தான் முதலில் கண் போகும். கிளெய்மைத் தள்ளுவதற்கு அவர்களுக்கு ஒரு காரணம் தேடிக்கொடுப்பது உங்கள் கையால் வேண்டாம்.

ராயக்கோட்டை_ரோடு | செவ்வாய், மதியம் 1.40

ஒரு சந்தேகம். முன்பெல்லாம் மாருதி 800-ல் வலது பக்கம் மட்டும்தானே கண்ணாடி? நானோ அடிப்படை மாடலிலும் ஒன்றுதான். அப்போது ஓட்டினோமே. இப்போது வெளிநாட்டுக் காரில் கண்ணாடியே இல்லாமல் கேமரா வைக்கிறார்களாம், அது மட்டும் செல்லுமா?

டூல்ரூம்_ஓசூர் | செவ்வாய், இரவு 11.50

கேமரா வேறு கதை. ஐ.நா. விதி 46-ஐத் திருத்தி 2016-ல் கண்ணாடிக்குப் பதில் கேமராவும் திரையும் வைக்கலாம் என்றார்கள், ஜப்பானும் அதே வருஷம் அனுமதித்தது. 2018-ல் ஜப்பானில் லெக்சஸ் இஎஸ் காரில் வந்தது, பிறகு ஆடி (Audi) கம்பெனியின் இ-ட்ரான் காரிலும் வந்தது. அதற்கு முன்பே ஃபோக்ஸ்வாகன் எக்ஸ்எல்1 என்று ஒரு கார், லிட்டருக்கு நூறு கிலோமீட்டர் போகவேண்டும் என்று செய்தது, அதிலும் கேமராதான். கவனியுங்கள், அவர்கள் கண்ணாடியை எடுத்துவிட்டுப் பார்வையை விடவில்லை. பார்வையை வேறு வழியில் கொண்டுவந்துவிட்டு அப்புறம்தான் கண்ணாடியை எடுத்தார்கள்.

டாக்ஸிமாமா | புதன், காலை 6.20

மாருதி 800 காலத்தில் ரோட்டில் எத்தனை வண்டி இருந்தது தம்பி? ஓசூர் ரோட்டில் நடுவில் மாடு படுத்திருக்கும், அதைத் தாண்டித்தான் போவோம்.

மாங்கொட்டை | ஞாயிறு, இரவு 7.45

ஒரு வாரமாகக் காணோம் என்று நினைத்திருப்பீர்கள். வேலை நடந்தது. வெர்ஷன் 2 ரெடி.

வீட்டில் பாயசம் குடிக்கிற சில்வர் கிண்ணம், ஆறு கொண்ட செட். அதில் இரண்டு. வாய் அகலம் கிட்டத்தட்ட 10.5 செ.மீ., அடி நல்ல உருண்டை. காற்றைப் பார்க்கிற பக்கம் கிண்ணத்தின் முதுகு. வாயில் பைக் கண்ணாடி, 10 செ.மீ. வட்டம்.

வளைவு ஆரம் எவ்வளவு என்று வாத்தியார் சாரிடம் தனியாகக் கேட்டிருந்தேன். அவர் சொன்ன வழி: இரும்பு ஸ்கேலைக் கண்ணாடி நடுவில் படுக்க வைத்து, இரண்டு ஓரத்திலும் இடைவெளி சமமாக இருக்கும்படி பிடித்து, எவ்வளவு இடைவெளி என்று அளக்கவேண்டும். பக்கத்து ஒர்க்ஷாப்பில் டேப்பெட் வைக்கிற ஃபீலர் கேஜ் இரவல் வாங்கினேன், இடைவெளியில் நுழைத்து அளக்கிற மெல்லிய தகடுகளின் கட்டு அது. 0.9 மி.மீ. இதழ் சுலபமாக நுழைந்தது, 1.0 உரசிக்கொண்டு நுழைந்தது, அடுத்தது போகவில்லை. அகலத்தை அகலத்தால் பெருக்கி, இடைவெளியின் எட்டு மடங்கால் வகுக்கவேண்டும். 100 பெருக்கல் 100 வகுத்தல் 8. ஆரம் 1250 மி.மீ. விதியில் சொன்ன 1200-க்கு மேலேயே இருக்கிறது! அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

பட்டைக்குப் பதில் 12 எம்எம் ராடு, நாலு விரல்கடை நீளம், லேத்தில் கடைந்தது. அதிர்வில் கழலாத நைலாக் நட்டு. கண்ணாடிக்குப் பின்னால் முழுக்க டபுள் டேப், மேலே சிலிக்கான்.

அப்புறம் சோதனை. வீட்டுக்குப் பின்னால் மாந்தோப்பு வழியில் காரை நிறுத்தி, டேப் பிடித்து 20 மீட்டரில் கோடு போட்டேன். வீட்டுக்காரம்மா சிவப்புக் குடையோடு கோட்டின் மேல் பக்கவாட்டில் நடக்க, நான் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியில் குடை மறையும் இடத்தில் ஹாரன் அடிக்க, மச்சான் குச்சி நட்டான். வலது பக்கம் 5.6 மீட்டர். இடது பக்கம் 4.2 மீட்டர். தேறிவிட்டது! குச்சியைப் பிடுங்காமல் அப்படியே விட்டு, பழைய வலது கண்ணாடியை மாட்டியும் பார்த்தேன். குடை தோப்பு வேலிவரைக்கும் போய்விட்டது, 9 மீட்டருக்கு மேல். வீட்டுக்காரம்மா அங்கிருந்தே கத்தினாள்: “இவ்வளவு தெரிகிறதை விட்டுட்டா அந்தக் கிண்ணத்தை எடுத்தீங்க?”

சயின்ஸ்வாத்தியார் | ஞாயிறு, இரவு 8.20

அந்த ஃபீலர் கேஜ் விஷயத்தை நாளைக்கு வகுப்பில் சொல்லப் போகிறேன். பிரமாதம்.

ஒன்று மட்டும். கண்ணாடி ஒரு பாகை அசைந்தால் ஒளி இரண்டு பாகை திரும்பும். ஓட்டிப் பார்த்துவிட்டு அதிர்வு எப்படி என்று எழுதுங்கள். நின்ற வண்டியில் தேறுவது பாதித் தேர்வு.

டூல்ரூம்_ஓசூர் | ஞாயிறு, இரவு 11.15

ராடு நல்ல யோசனை. இனி மைலேஜை டேங்க் கணக்கில் பார்க்காதீர்கள். சமதள ரோடு, காற்று இல்லாத விடியற்காலை. 80 தொட்டதும் கிளட்சை மிதித்துவிட்டு, 60-க்கு வர எத்தனை நொடி என்று பாருங்கள். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. கிண்ணம், கம்பெனி மிரர், மறுபடி கிண்ணம் என்று மாற்றி மாற்றி. என் கணக்குக்கு 20 நொடி பக்கம் வரும், வித்தியாசம் கால் நொடி இருந்தால் அதிகம்.

டாக்ஸிமாமா | திங்கள், காலை 6.05

சமதளத்தில் செய். இறக்கத்தில் செய்தாய் என்று கேள்விப்பட்டால் நேரில் வருவேன்.

மாங்கொட்டை | அடுத்த சனி, இரவு 9.00

மூன்று விஷயம்.

சோதனை முடிந்தது. ஒடிந்த இடது கூட்டைப் பட்டறைத் தம்பி தற்காலிகமாக ஒட்டிக் கொடுத்தார், அதை மாட்டித்தான் கம்பெனி மிரர் ரவுண்டு. காலை ஐந்தரை மணி, பைபாஸ், மச்சான் கையில் போன். கம்பெனி மிரர்: 19.2, 20.6, 18.9 நொடி. கிண்ணம்: 19.8, 18.7, 20.4. சராசரி போட்டால் 19.57-ம் 19.63-ம். வித்தியாசம் 0.06 நொடி. மச்சானின் கட்டைவிரல் அதைவிட மெதுவானது. டூல்ரூம் அண்ணா, நீங்கள் ஜெயித்தீர்கள்.

அதிர்வு. அறுபது வரைக்கும் கண்ணாடி அப்படியே நிற்கிறது. எழுபத்தைந்தைத் தாண்டினதும் பாலத்து இணைப்புகளில் பின்னால் வருகிற லாரியின் ஹெட்லைட் ஜிலேபி மாதிரி சுற்றுகிறது. ராடு ஆடவில்லை, ராடு உட்கார்ந்திருக்கிற கதவுத் தகடு ஆடுகிறது.

மூன்றாவது, நான் எழுதவேண்டாம் என்றுதான் நினைத்தேன். வியாழன் மாலை ஆறரை, குருபரப்பள்ளி தாண்டி வருகிறேன். இடது பக்கம் ஒதுங்கவேண்டும். கண்ணாடியைப் பார்த்தேன், காலி. லேசாக ஒடித்தேன். யாரோ கையால் தகரத்தைத் தட்டுகிற மாதிரி சத்தம். பார்த்தால் பின்கதவை ஒட்டி ஒரு டிவிஎஸ் 50, இரண்டு பக்கமும் பால் கேன், ஓட்டுகிறவர் ஒரு கையால் என் காரைத் தட்டிக்கொண்டே வருகிறார். விழவில்லை. நிறுத்தினேன். வயசானவர். திட்டவே இல்லை. கிண்ணத்தை ஒரு நிமிஷம் பார்த்தார், குனிந்து அதில் தன் முகத்தையும் பார்த்தார். “இதுல என்னப்பா தெரியும்?” என்று கேட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

குடை வைத்து அளந்தபோது 20 மீட்டர் பின்னால்தான் பார்த்தேன். பக்கத்தில், பின்கதவு ஓரத்தில், எவ்வளவு தெரிகிறது என்று அளக்கவில்லை. வாத்தியார் சார் முதல் பதிவிலேயே 4 மீட்டர் பின்னால் 1 மீட்டர் என்று எழுதியிருக்கிறார். நான் பிடித்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நேற்று ஸ்பேர்ஸ் கடையில் ஆயிரத்து நானூறு கட்டினேன். வலது பக்கம் பழையதே நன்றாக இருந்தது, மாட்டிவிட்டேன்.

தகடூரான் | சனி, இரவு 9.12

கிண்ணம் என்ன ஆயிற்று?

மாங்கொட்டை | சனி, இரவு 9.20

மாமனார் டிராக்டருக்குக் கண்ணாடியே இல்லை. மட்கார்டில் மாட்டிக் கொடுத்திருக்கிறேன், வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. இருபதில் போகிற வண்டி, அதிர்வு இருந்தாலும் பின்னால் பஸ் வருவது தெரிகிறதாம். வீட்டில் பாயசம் வைத்தால் நானும் மச்சானும் டம்ளரில் குடிக்கிறோம்.

ராயக்கோட்டை_ரோடு | ஞாயிறு, காலை 8.00

அப்போது மைலேஜுக்கு வேறு என்னதான் செய்யலாம்? இழை முழுக்கப் படித்துவிட்டு வெறுங்கையோடு போகிறேனே.

டூல்ரூம்_ஓசூர் | ஞாயிறு, காலை 9.30

கூரையில் கேரியர் இருந்தால் கழற்றுங்கள், அது மிரரைவிடப் பெரிய பிரேக். டயர் காற்றை மாதம் இரண்டு தடவை, டயர் சூடாகும் முன் பாருங்கள். நூறில் போகிறவர் எண்பதில் போனால் காற்று எதிர்ப்பு 36 சதவீதம் குறையும். மாங்கொட்டை கிண்ணத்தில் தேடினது எல்லாம் அந்த வலது காலிலேயே இருக்கிறது.

பட்டறைப்பையன் | ஞாயிறு, மாலை 6.40

அண்ணா, புது மிரர் மாட்டும்போது பழைய எம்சீலைச் சுத்தமாகச் சுரண்டினீர்களா? ரப்பர் கேஸ்கெட்டு அதோடேயே டப்பாவில் வரும், சின்னதாக முக்கோணமாக. நிறையப் பேர் அதைக் கவரோடு தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மூன்று நட்டையும் ஒரேயடியாக முறுக்காமல் மாற்றி மாற்றி முறுக்குங்கள்.

மாங்கொட்டை | ஞாயிறு, இரவு 10.05

டப்பாவைக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன் தம்பி. உள்ளேதான் கிடந்தது. காலையில் கழற்றிப் போடுகிறேன்.